யார் தண்ணீரோ அவர் மீன்

விடிந்தும் விடியாததுமாக நோட்புர்கா கரைக்கு வந்துவிட்டாள். மெட்டெக் குளத்தில் தண்ணீர் என்று சொல்ல மதகடிப் பள்ளம் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் வெடித்த சேறு. மூன்று கோடை வளர்ந்த கெண்டைகள் அந்தப் பள்ளத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு, வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்தன. சப்புச் சப்பென்று அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. ராத்திரியில் செத்தவை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. கைவலையால் அவற்றை அரித்தெடுத்து வாளியில் போட்டாள். பன்றிக்கு ஆகும்.

ஜூன் மாதம் பெய்ததுதான் கடைசி மழை. செப்டம்பர் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. மெட்டெ வானத்தை நம்பிய குளம். அதற்கு ஊற்றும் கிடையாது, மேலேயிருந்து வந்து சேரும் வாய்க்காலும் கிடையாது.

ஆப்ட்ஸ்ராய்த் குளத்துக்காகவே உண்டான ஊர். முதலில் இங்கே சதுப்பும் கொசுவும் தேவதாருக் காடும்தான் இருந்தன. வெள்ளை அங்கிச் சாமியார்கள் வந்து காட்டைத் திருத்தி மடம் கட்டினார்கள். இறைச்சி தொடாத சபை, வருஷத்தில் பாதி நாள் நோன்பு. அதனால் சதுப்பை வெட்டிக் குளமாக்கிக் கெண்டை விட்டார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு குளம். ஜெப வேளைகளின் பெயரையே குளங்களுக்கும் வைத்தார்கள். விடியுமுன் சொல்லும் ஜெபத்தின் பெயர் உச்சிக் குளத்துக்கு, படுக்கப் போகுமுன் சொல்வது அடிக் குளத்துக்கு. பிறகு ஒரு காலத்தில் அரசாங்கம் மடங்களைக் கலைத்தது. சாமியார்கள் போனார்கள், குளங்கள் ஏலத்துக்கு வந்தன. மூன்று குளங்கள் புல்வெளியாகிவிட்டன. மிச்சம் நான்கு. மேலே மெட்டெ, அதற்குக் கீழே லாவ்தஸ், பிறகு வெஸ்பர், கடைசியில் கொம்ப்ளெட். எந்த வீட்டுக்கு எந்தக் குளமோ அதுதான் வீட்டுப் பெயர். குடும்பப் பெயரெல்லாம் தபால்காரருக்கு.

மடம் போனாலும் கல் போகவில்லை. ஊரில் பாதிச் சுவர் மடத்துச் சுவர்தான். வெஸ்பர் வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்குக் கோயில் ஜன்னல். மடாதிபதி உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் இப்போது தீயணைப்பு வண்டி நிற்கிறது. மதகுக்கு இன்றைக்கும் ஊரில் பெயர் சாமியார்தான். சாமியாரைத் திறந்தாச்சா, மூடியாச்சா என்றுதான் கேட்பார்கள்.

சாமியார்கள் வைத்த இரண்டு விதிகளும் அந்தக் கல்லைப் போலவே தங்கிவிட்டன. ஒன்று, அடியிலிருந்து மேலே. அக்டோபரில் வரும் மடத்துத் திருநாளுக்கு மறுநாள் அடிக் குளத்தை வடித்து மீன் பிடித்து மதகை மூட வேண்டும். அப்புறம்தான் அதற்கு மேல் குளம் திறக்கலாம். மேல் குளத்துத் தண்ணீர் கீழ்க் குளத்தை நிரப்பும். முறை தப்பினால் மேலிருந்து வரும் சேறு கீழே இருக்கும் மீனைக் கொன்றுவிடும். இன்னொன்று, பெருமழையில் கரை வழிந்து ஒரு குளத்து மீன் மற்றதற்குத் தாவினால் சண்டை வரக் கூடாது என்று வைத்தது: யார் தண்ணீரோ அவர் மீன். இந்த இரண்டையும் காப்பதற்கு ஊர் ஒரு குளத்து மணியத்தை வைத்திருக்கிறது. வெகுகாலமாக அந்த மணியம் நோட்புர்காவின் புருஷன் லெனார்ட்.

அவள் உள்ளே வந்தபோது லெனார்ட் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன குளிர்காலத்தில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியிருந்தது.

"எத்தனை போச்சு?"

"பன்னி வயிறு நெறையற அளவு."

"வியாபாரி?"

"நேத்தே போன் பண்ணிட்டேன். இந்த வெயில்ல லாரியில ஏத்துனா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சூப்பாயிடும்ங்கறான். அக்டோபருக்கு முன்னால என்னைக் கூப்பிடாதீங்கன்னுட்டான்."

"தொட்டியில விடு."

"தொட்டிக்கு ஓடற தண்ணி வேணும். கெணத்துல மாட்டுக்கே பத்தல. நீ என்ன வெளியூர்க்காரனா?"

ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டு அவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தார். பாதி மேல் சட்டையில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, கடைசியில் ஒரேயடியாகத் துடைத்துக்கொள்ளலாம்.

"லாவ்தஸ்ல தண்ணி இருக்கு" என்றாள்.

லெனார்ட் கரண்டியை வைத்தார். "அந்த அங்கி வீட்டுக்குப் போகாத."

"போனா என்ன?"

"போகாதன்னா போகாத."

அங்கி வீடு என்றால் லாவ்தஸ் வீடு. மடம் கலைந்தபோது ஒரு சகோதரர் மட்டும் ஊரை விட்டுப் போகாமல், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பால்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். அவர் வம்சம் அது. மெட்டெ வீட்டுக்கும் பட்டப்பெயர் உண்டு. மடத்துக்கு மீன் பார்த்த வேலைக்காரன், சாமியார்கள் வண்டி ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஏலத்தில் முதல் கையைத் தூக்கினான் என்று சொல்வார்கள். அதனால் ஏல வீடு. இதெல்லாம் நடந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆனால் கோபம் வந்தால் நேற்று நடந்தது போல வாயில் வரும்.

உண்மையான பகை அதுவல்ல. லெனார்ட் மணியம் ஆன புதிதில் ஒரு வறண்ட வருஷம் வந்தது. லாவ்தஸ் ஊற்று அடைத்துக்கொண்டு, பாசி அழுகி, அந்த வீட்டு அல்பனின் மீன் மூச்சுத் திணறியது. அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்திருந்ததால் வியாபாரியின் லாரி வாசலில் தயாராக நின்றது. மதகைத் திறக்க உத்தரவு ஒன்றுதான் பாக்கி. திருநாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. லெனார்ட் முறை முறைதான் என்று சொல்லிவிட்டார். லாரி வெறுமனே திரும்பிப் போனது. அல்பன் செத்த மீனைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார். மாடுகளை விற்றுவிட்டுக் கருங்கல் குவாரிக்கு வேலைக்குப் போய், கல்தூசி நெஞ்சில் ஏறிச் செத்தும் போனார். அவர் மகன் எர்ஹார்ட் பிற்பாடு தானே இறங்கி அந்த ஊற்றை ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டான். இந்தக் கோடையில் ஊரிலேயே அவன் குளத்தில்தான் நல்ல தண்ணீர் இருந்தது.

அன்று சாயங்காலம் நோட்புர்கா சுத்தமான ஏப்ரன் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு லாவ்தஸ் வீட்டுக்குப் போனாள்.

போன நேரம் நல்ல நேரமா கெட்ட நேரமா என்று சொல்ல முடியாது. எர்ஹார்ட் வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கியது. ஊர்ப் பொது அடுப்பில் காய்ச்சும் பீரை வீட்டுக்கு வீடு முறை வைத்து விற்பார்கள். எந்த வீட்டு முறையோ அங்கே நட்சத்திரம் தொங்கும், ஊர் அங்கே கூடும். கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். எர்ஹார்டின் அக்கா கிரெஸ்சென்ஸ் ரொட்டியும் ரத்தத் தொத்திறைச்சியும் வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மெட்டெ வீட்டுக்காரர்கள் இந்த வீட்டு பீரைத் தொட்டு வெகுகாலம். நோட்புர்கா உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெஸ்பர் வீட்டு ஸாவர்தான் முதலில் வாயைத் திறந்தார். உடம்பும் வாயும் பெருத்த மனிதர். "மெட்டெக்காரம்மா வழி தவறிட்டாப்பல. உங்க நட்சத்திரம் அடுத்த மாசம்ல?"

"போன வாரம் உங்க வீட்டு பீரைக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு ஸாவர். அதுக்கு வைத்தியம் பாக்க வந்தேன்."

பெஞ்சில் சிரிப்பு ஓடியது. கிரெஸ்சென்ஸ் சிரிக்கவில்லை. ஒரு குவளையை நிரப்பி நோட்புர்கா முன்னால் வைத்தாள். நோட்புர்கா நின்றபடியே ஒரு வாய் குடித்தாள்.

"எர்ஹார்ட் எங்க?"

"பீப்பாய்க்குப் பின்னால இருக்கேன்" என்று குரல் வந்தது. எர்ஹார்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒல்லியான ஆள், நாற்பதைத் தாண்டியவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "சொல்லுங்க மெட்டெக்காரம்மா."

"என் மீன் சாகுது."

"தெரியும். வாசல்ல நின்னாலே நாத்தம் வருது."

"உன் குளத்துல விட்டு வைக்கணும். அக்டோபர்ல உன் முறை வர்றப்ப பிரிச்சு எடுத்துக்கறேன். எங்க மீன் முதுகு கறுப்பு, அடையாளம் தெரியும். எடம் குடுத்ததுக்குப் பாதி நீ வச்சுக்க."

எர்ஹார்ட் பெஞ்சிலிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லோரும் குவளைக்குள் பார்த்தார்கள்.

"யார் தண்ணியோ அவர் மீன்" என்றான்.

"அது வெள்ளத்துல தாவற மீனுக்கு."

"வெள்ளத்துக்கு மட்டும்னு யார் சொன்னது? வெஸ்பர் வீட்டுப் பசங்க வெளையாட்டுக்கு வாளில தூக்கிட்டுப் போய் கொம்ப்ளெட்ல விட்டாங்களே, அந்த மீனுக்கு உங்க வீட்டுக்காரர் என்ன தீர்ப்பு சொன்னாரு?"

"என் வாயால வேற சொல்லணுமா?" என்றார் ஸாவர். "யார் தண்ணியோ அவர் மீன்னாரு. நல்ல மீனு. அன்னைக்கு என் பசங்க முதுகுல நான் போட்ட போடுல எனக்கே கை வீங்கிருச்சு."

"கேட்டீங்கல்ல?" என்றான் எர்ஹார்ட்.

"கேட்டேன். அப்ப முடியாதுங்கற."

"முடியாதுன்னு நான் சொல்லவே இல்ல. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. விதி வளையும்னு உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும். இங்க இருக்கறவங்க கேக்கச் சொல்லட்டும். உங்க மீன் ஒண்ணு கொறையாம திருப்பித் தர்றேன். பாதியெல்லாம் எனக்கு வேண்டாம்."

"அவருக்கு நடக்க முடியாது எர்ஹார்ட்."

"நான் வர்றேன். நட்சத்திரத்த எறக்கி வச்சிட்டு இவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே வர்றேன். வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போறோம். உள்ளகூட வரல."

"பீரைப் பாதியில விட்டுட்டா?" என்று யாரோ முனகினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நோட்புர்கா குவளையைக் காலி செய்து வைத்தாள். கிரெஸ்சென்ஸ் காசு வாங்க மறுத்துவிட்டாள். வாசல் வரைக்கும் கூடவே வந்து, "அவன் நல்லவன்தான். அந்தச் சுண்ணாம்புக் குழியை வெட்டுனது அவன்தான், அப்ப சின்னப் பையன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் லெனார்ட் எல்லாவற்றையும் கேட்டார். அவள் முடித்ததும், "சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஒரு வார்த்தை. வளையும்னு ஒரே வார்த்தை."

"எத்தனை பேர் வந்து கேட்டிருக்காங்க. யாருக்கும் வளைச்சதில்ல. என் மீனுக்குன்னா வளைக்கறதா?"

"ஊர்ல யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"நெனைக்கறது அவங்க வேலை."

"வருஷம் பூரா சோறு அந்தப் பள்ளத்துக்குள்ள கெடக்கு லெனார்ட். பொண்ணு அகாத்தே சம்பளத்துல மாட்டுத் தீவனமும் உன் மாத்திரையும் ஓடுமா? நீ உக்காந்த எடத்துல இருந்து சொல்லப் போற. எழுந்திரிக்கக்கூட வேண்டாம்."

லெனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வளையும்னு நான் சொன்னா, அப்ப எங்கப்பனுக்கு ஏன் வளையலன்னு கேப்பான்."

"கேக்கத்தான் செய்வான். கேக்கட்டுமே."

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

நோட்புர்காவுக்கு அந்த நேரம் எல்லோர் மேலும் வெறுப்பாக இருந்தது. வாதம் வந்தும் மடங்காத இந்த மனுஷன் மேல், பீப்பாய்க்குப் பின்னால் நின்று கணக்குத் தீர்க்கும் எர்ஹார்ட் மேல், விதியை வைத்துவிட்டு வண்டியேறிப் போன சாமியார்கள் மேல். மீன் மேல் மட்டும் வெறுப்பு வரவில்லை. விரல் நீளக் குஞ்சாக வந்தவை. மூன்று கோடை பார்லி அவித்துக் கொட்டி வளர்த்தவை. அவை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

மறுநாள் விடிகாலையில் அகாத்தேயை எழுப்பினாள். மகளுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட்.

"எதுக்கும்மா?"

"மீனை லாவ்தஸ்ல கொண்டு போய் விடணும்."

அகாத்தே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல."

"அப்ப அது அவன் மீனாயிடுமே."

"ஆயிடும்."

"உனக்குப் பைத்தியமா? வளத்து அவன் வாயில ஊட்டறதுக்கா?"

"பள்ளத்துலயே கெடந்து செத்தா யாருக்கு?"

அகாத்தே போர்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அப்புறம் என்ன கேள்வி. ரப்பர் பூட்ஸைப் போடு."

கைவண்டியில் மரத்தொட்டியை ஏற்றி, அடியில் ஈரச் சாக்கு விரித்தார்கள். நோட்புர்கா இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கைவலையால் அள்ளினாள். ஒரு அள்ளலுக்கு இரண்டு மூன்று மீன் விழுந்தது. துள்ளக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. வழவழத்துக் கனமாகக் கையில் படுத்துக்கொண்டன. மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, கரைப் பாதையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

லெனார்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நடை போகும்போது நோட்புர்கா ஜன்னலடியில் வண்டியை நிறுத்தினாள்.

"சாமியாரைத் தொடல. முறை தப்பல. யார் தண்ணியோ அவர் மீன், அதுவும் தப்பல. மணியம் ஏதாச்சும் சொல்லணுமா?"

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் தள்ளினாள்.

லாவ்தஸ் கரையில் எர்ஹார்ட் கால்சட்டைப் பையில் கைவிட்டபடி நின்றிருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் வேறு மாதிரி ஆனது. இவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். நோட்புர்கா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளும் தாயுமாகத் தொட்டியைச் சாய்க்கப் போனார்கள்.

"அங்க விடாதீங்க" என்றான். "ஓரத்துல விட்டா சாம்பல் கொக்கு கொத்திடும். ஊத்துப் பக்கம் ஆழம். அங்க கொண்டு போங்க."

"உன் மீன். நீ சொல்ற எடத்துல விடறேன்."

கெண்டைகள் குளிர்ந்த தண்ணீரில் சற்று நேரம் சாய்ந்து மிதந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து கீழே இறங்கிப் போயின. இரண்டாம் நடைக்கு கிரெஸ்சென்ஸ் ஈரச் சாக்குகளோடு ஏறி வந்துவிட்டாள். மத்தியானம் அகாத்தே வேலைக்குக் கிளம்பியதும் வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தவள் அவள்தான். எர்ஹார்ட் கடைசி வரை கரையில் நின்றான். வண்டியைத் தொடவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் மழை வந்தது. வந்தது வந்ததுதான், நிற்கவே இல்லை. திருநாளுக்கு மறுநாள் கொம்ப்ளெட்டை வடித்தார்கள், பிறகு வெஸ்பர், பிறகு லாவ்தஸ். அன்றைக்குக் காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஆண்கள் மார்பு வரை ரப்பர் உடை போட்டுக்கொண்டு சேற்றில் வலையை இழுத்தார்கள். பெண்கள் மேஜையில் மீனைத் தரம் பிரித்தார்கள். கிரெஸ்சென்ஸ் பால் கேனில் உருளைக்கிழங்கு சூப் கொண்டு வந்து ஊற்றினாள். விறைத்த விரலால் குவளையைப் பிடிக்க முடியாமல் எல்லோரும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தார்கள்.

மணியம் இல்லாமல் எடை போடக் கூடாது. லெனார்டை நாற்காலியோடு டிராக்டர் வண்டியில் ஏற்றிக் கம்பளி சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். வலை கரைக்கு வந்ததும் எர்ஹார்ட் சேற்றோடு ஏறி வந்து அவர் முன்னால் நின்றான். அவரிடம் அவன் நேராகப் பேசியதை ஊர் பார்த்ததில்லை.

"மணியம், இதுல என் மீன் மட்டும் இல்ல. ஊருக்கே தெரியும். விதி என்னன்னு சொல்லுங்க."

வலை இழுத்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நோட்புர்கா நிறுத்தவில்லை. கறுப்பு முதுகு ஒன்று கையில் வந்தது. அதைத் திருப்பிப் பார்க்காமல் பெரிய மீன் தொட்டியில் போட்டாள். அவர் வளைய வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. இத்தனை பேர் முன்னால், இவ்வளவு லேசாகக் கேட்கும்போதாவது.

லெனார்டின் வாய் ஒரு பக்கமாக அசைந்தது. "யார் தண்ணியோ" என்றார். மூச்சு வாங்கினார். "அவர் மீன்."

எர்ஹார்ட் தலையை ஆட்டினான். லாரிக்காரனுக்குக் கையைக் காட்டினான். ஒரு மீன் மிச்சம் வைக்காமல் எல்லாமே ஏறியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊருக்கு இதே பேச்சுதான். எர்ஹார்ட் மனசாட்சி இல்லாதவன் என்றார்கள் சிலர். மணியமே சொன்ன பிறகு அவன் என்ன செய்வான் என்றார்கள் சிலர். ஸாவர் சொன்னதுதான் கடைசியில் நிலைத்தது. "இவன் வளைவான்னு அவன் பாத்தான், அவன் வளைவான்னு இவன் பாத்தான். வளைஞ்சது அந்தம்மா இடுப்பு மட்டும்தான்."

நோட்புர்கா ஒரு மாட்டை விற்றாள். மகள் சொல்லித் தொழிற்சாலையில் அவளையும் எடுத்துக்கொண்டார்கள். தட்டுகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. அந்த வயதில் நாள் முழுக்க நிற்பது சுலபமில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மாவை மகள் கையைப் பிடித்து இறக்கினாள். பீர் முறை வந்தபோது மெட்டெ வீட்டில் நட்சத்திரம் தொங்கவில்லை. காய்ச்ச ஆளில்லை. லெனார்ட் ஜன்னலருகில் உட்கார்ந்து, உறைந்த குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று.

மார்ச்சில் பனி உருகி மெட்டெ நிறைந்தது. விடுவதற்குக் குஞ்சு வாங்கக் காசில்லை, வெறும் தண்ணீர் நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து நோட்புர்கா உருளைக்கிழங்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அகாத்தே மாடுகளைப் பார்க்கப் போயிருந்தாள்.

"நம்ம கரையில யாரோ நிக்கிறான்" என்றார் லெனார்ட்.

அவள் எட்டிப் பார்த்தாள். எர்ஹார்டின் டிராக்டர். வண்டி நிறையத் தொட்டிகள். அவன் ஒரு தொட்டியைக் கரையோரம் இறக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தபடி வெளியே போனாள்.

"என்ன பண்ற?"

"ரெண்டு கோடை மீன். என் குளத்துல எடம் பத்தல."

"லாவ்தஸ்லயா எடம் பத்தல?"

"பத்தல."

அக்டோபரில் காலியான லாவ்தஸில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். கையளவு கெண்டைகள் தொட்டியிலிருந்து சரிந்து விழுந்து, ஒரு கணம் கூட்டமாக நின்று, கலைந்து போயின. இன்னும் ஒரு கோடை தாண்டினால் விற்கலாம்.

"அக்டோபர்ல வந்து பிரிச்சு எடுத்துக்குவியா?"

"பிரிக்கறதுக்கு என்ன இருக்கு. யார் மீன்னு உங்க மணியத்தைக் கேளுங்க."

அடுத்த தொட்டியையும் சாய்த்தான். நன்றி சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

"உள்ள வா. சாப்பாடு ஆகப்போகுது."

"வரல மெட்டெக்காரம்மா." தொட்டியைக் குளத்துத் தண்ணீரில் அலசினான். "எங்கப்பா உங்க சமையக்கட்டுல நின்னுதான் கேட்டாரு. நான் வெளியில வண்டியில இருந்தேன். கதவு தெறந்திருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

அவள் திரும்பி வந்தாள். உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கொதிநீரில் போட்டாள்.

"மீன் விட்டானா?" என்றார் லெனார்ட்.

"விட்டான்."

"யார் மீன்னான்?"

"மணியத்தைக் கேக்கச் சொன்னான்."

உருண்டைகள் வெந்து மேலே மிதக்க ஆரம்பித்தன. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அல்பன் வந்து கேட்டப்ப அந்த மீனெல்லாம் உயிரோடதான் இருந்துச்சு, நோட்புர்கா" என்றார். "வெஸ்பரும் கொம்ப்ளெட்டும் முன்கூட்டியே வடிச்சுக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. யாருக்கும் நஷ்டமில்ல. நான்தான் திருநாளுக்கு முன்னால கூடாதுன்னேன். புது மணியம். சொன்னது சொன்னதா இருக்கணும்னு நெனைச்சேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு இது தெரியாது.

"இத என்கிட்ட ஏன் சொல்ற? கேக்க வேண்டியவன் கரையிலதான் நிக்கிறான்."

எர்ஹார்ட் காலித் தொட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு முடிச்சுதான் பாக்கி. லெனார்ட் இடது கையால் நாற்காலியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜன்னலைத் திற" என்றார்.

குளிருக்கு அடைத்து வைத்திருந்த துணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நோட்புர்கா இரண்டு கதவையும் திறந்தாள். ஈரக் காற்று உள்ளே வந்தது. லெனார்ட் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எர்ஹார்ட் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலை நோக்கி நடந்து வந்தான்.